ஹாண்டில் போட்டுப் பார்த்தீர்களா?

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு குறுக்குப் பாதையில் இருக்கிறது. அந்த வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் மொறிஸ் மைனர் கார் மூன்று வருடங்களாக ஓடாமல் நின்றது. அதை இரும்பு விலைக்குக் கொடுக்க நாங்கள் ஆயத்தமான வேளையில் ஒரு பெண் வந்து கேட்ட கேள்வியைப் பற்றியே இதை எழுதுகிறேன். பெண்கள் சஞ்சிகையில் காருக்கு என்ன வேலை என்று நினைக்கும் சகோதரிகள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அப்பா ஓர் ஆசிரியர். நான் பிறப்பதற்கு முன்பே, ஓய்வுபெற்ற ஒரு வைத்தியரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு முதன்முதலில் காட்சிக்கு வைக்கப்பட்ட கார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தார். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் உற்பத்தியாயின. இலங்கையில் ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் என்று நடுத்தரக் குடும்பங்கள் பல விரும்பி வாங்கிய கார் இது. எங்களுடையது 948 சீசீ எஞ்சின் கொண்டது. கண்டியின் ஏற்றங்களில் முனகிக்கொண்டே ஏறும், ஆனால் நின்றதில்லை.

அது நின்றது 2022இல். அந்த வருடம் ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். பணம் இருந்தாலும் கிடைக்கவில்லை. நீரிழிவு நோயாளியான அப்பாவால் வரிசையில் நிற்க முடியாது. தாங்கியில் மிச்சமிருந்த ஐந்தாறு லீற்றர் பெற்றோலை, "அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இருக்கட்டும்" என்று சொல்லிக் காரைக் கொட்டகையில் விட்டு மூடினார். பின்னர் கியூஆர் முறை வந்தபோதும் அவர் காரை எடுக்கவில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. 2023 மார்ச்சில் அப்பா காலமானார். அந்தப் பெற்றோல் அப்படியே இருந்தது.

2025 ஆவணியில் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. அதுவரை காரைத் தொட விடாத அம்மாவே விற்றுவிடுவோம் என்றார். தெரிந்தவர் ஒருவர் அழைத்துவந்த மெக்கானிக் புதுப் பற்றரி ஒன்றைக் கொழுவி செல்ஃப் போட்டுப் பார்த்தார். "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் ஓர் அசைவும் இல்லை. எஞ்சின் இறுகிவிட்டது, இறக்கிக் கழற்ற வேண்டும், செலவுக்குக் கணக்கில்லை என்றார். அடுத்த நாளே பழைய இரும்பு வாங்கும் ஒருவர் வந்தார். ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய், திங்கட்கிழமை காலை ஏற்றிச் செல்வதாகப் பேச்சு. ஓடும் நிலையில் உள்ள மொறிஸ் மைனருக்கு அதைப்போலப் பல மடங்கு விலை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஓடாத காருக்கு என்ன விலை கேட்பது?

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், எனது பணியில் அறிமுகமான ஓர் அக்கா ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்க வீட்டுக்கு வந்தார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே குறிப்பிடுகிறேன். வலிகாமத்தைச் சேர்ந்தவர். கணவர் 1996இல் காணாமற் போனார். இரண்டு பிள்ளைகளோடு கண்டிக்கு வந்து, வீட்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒன்றரை வருடங்களாக எங்கள் தையல் வகுப்புக்கு வருகிறார். தையல் அவருக்குச் சரிவரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பொனெற் திறந்திருந்த காரை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விபரம் சொன்னேன்.

"எஞ்சின் இறுகினது எண்டு ஆர் பிள்ளை சொன்னது? ஹாண்டில் போட்டுப் பாத்தவையோ?"

நான் விழித்தேன். செல்ஃப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னேன்.

"செல்ஃப் வேலை செய்யாட்டி அது செல்ஃபின்ரை பிழை, இல்லாட்டிப் பற்றரியின்ரை பிழை, இல்லாட்டி வயரின்ரை பிழை. எஞ்சின் இறுகினதோ இல்லையோ எண்டு ஹாண்டில்தான் சொல்லும். ஹாண்டில் டிக்கிக்குள்ளை கிடக்கும், பாருங்கோ."

டிக்கியைத் திறந்தேன். பழைய சாக்கில் சுற்றியபடி அது கிடந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கணவர் யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓட்டியவர், ஒஸ்ரின் ஏ40 என்றார். யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்கள் என்றாலே அக்காலத்தில் ஏ40களும் மொறிஸ் மைனர்களும்தான். 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் உட்படப் பல பொருட்களுக்குத் தடை வந்தது. குடாநாட்டு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. ஆகவே ஒரு மிடறு பெற்றோலைச் சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்து, அதைக் காட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி பலவீனம் என்பதால் எப்போதும் ஹாண்டில்தான். "அவர் உள்ளுக்கை இருந்து சோக்கைப் பிடிப்பார். நான் வெளியிலை நிண்டு ஹாண்டில் அடிப்பன். அப்ப எனக்கு இருவது வயசு" என்றார்.

எங்கள் படிவத்தில் "தெரிந்த தொழில்" என்று ஒரு கூடு இருக்கிறது. அவருடைய படிவத்தை நிரப்பியவள் நானே. அந்தக் கூட்டில் "இல்லை" என்று எழுதியிருந்தேன்.

ஒன்றன்பின் ஒன்றாக

அன்று பின்னேரமும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் அக்கா செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் நெடுநாள் நின்ற வாகனமோ, கணவர் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிளோ இருக்கும் சகோதரிகளுக்கு இதில் பல விடயங்கள் உதவலாம்.

முதலில் பற்றரியைக் கழற்றினார். எதற்குக் கை வைக்க முன்னும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்றார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் காரைப் பள்ளத்தில் தள்ளி கியரில் போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று ஆலோசனை சொன்னார்கள். அக்கா அதற்கு விடவேயில்லை. பிறேக் மிதியை மிதித்துக் காட்டினார், அது தரை மட்டும் போனது. மூன்று வருடம் நின்ற காரில் பிறேக் எண்ணெய் கசிந்திருக்கும், அல்லது பிறேக் இறுகியிருக்கும். நிற்க வழியில்லாத காரைக் கண்டியின் பள்ளத்தில் ஓடவிட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து நான்கு பிளக்குகளையும் கழற்றினார். எந்த வயர் எந்தப் பிளக்குக்குரியது என்று துணித்துண்டு கட்டி அடையாளம் வைத்தார். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி அளவு எஞ்சின் ஒயில் விட்டார். "இண்டைக்கு இவ்வளவுதான். இரவு ஊறட்டும்." உள்ளே சிலிண்டர் சுவரில் இலேசாகத் துருப் பிடித்திருந்தால் உடனே பலவந்தமாகச் சுற்றும்போது கீறிவிடும். ஒயில் ஊறினால் இளகும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே வந்தார். கியர் நடுவில் இருப்பதைப் பார்த்து, ஹாண்டிலை முன்பக்கத் துளைக்குள் கொழுவினார். பிடிக்கும் விதத்தை எனக்குக் காட்டினார். பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் பின்னடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும். கீழ் நோக்கி அமத்தாமல், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும்.

மெல்ல இழுத்தார். அசையவில்லை. மீண்டும் இழுத்தார். ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்துடன் அரைச்சுற்றுச் சுற்றியது. மூன்றாம் முறை முழுச் சுற்று. பிளக் துளைகளில் இருந்து ஒயில் தெறித்தது. அம்மா வாசற்படியில் இருந்து எழுந்து வந்தார். கழற்றி எறிய வேண்டும் என்று தீர்ப்பளிக்கப்பட்ட எஞ்சின் அது.

பிறகு, செல்ஃப் ஏன் "டக்" என்று நின்றது என்று தேடினார். எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் தடித்த ஏர்த் வயரின் முனை பச்சை பூத்துப்போய் இருந்தது. பற்றரி எவ்வளவு புதிதானாலும் மின்சாரம் திரும்பி வரும் வழி அடைபட்டால் மோட்டார் சுற்றாது. முனையைக் கழற்றி, எமரிக் கடதாசியால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டினார். பற்றரியைக் கொழுவும்போது இன்னொன்றும் சொன்னார். இக்காலக் கார்களில் பற்றரியின் கழித்தல் முனை உடம்போடு இணைந்திருக்கும். பழைய மொறிஸ் மைனரில் கூட்டல் முனையே உடம்போடு இணைந்திருக்கும். சிலர் பின்னாளில் மாற்றியுமிருப்பார்கள். பார்த்துக் கொழுவாவிட்டால், அல்லது வேறு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது மாறிக் கொடுத்தால், எரிந்து போகும்.

அடுத்தது பெற்றோல். தாங்கியின் அடியில் உள்ள ஆணியைக் கழற்றி வடித்தோம். அப்பா அவசரத்துக்கென்று வைத்த பெற்றோல் தேநீர் நிறத்தில், வார்னிஷ் வாசத்தோடு வந்தது. பெற்றோலில் எளிதில் பற்றக்கூடிய பகுதி நாளடைவில் ஆவியாகிவிடும், மிச்சம் பிசினாகும். அந்தப் பிசின் கார்பிறேற்றரின் சிறு துளைகளை அடைக்கும். அக்கா கார்பிறேற்றரின் பெற்றோல் கிண்ணத்தைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஊசியை விடுவித்துத் துடைத்தார். இந்த வேலை முழுவதும் திறந்த வெளியில், அடுப்போ சிகரெட்டோ அருகில் இல்லாமல் நடக்க வேண்டும். காற்று வடிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதையும் அகற்றினோம்.

புதிதாக ஐந்து லீற்றர் பெற்றோல் விட்டுத் திறப்பைத் திருப்பியபோது பொனெற்றுக்குக் கீழுள்ள மின்சாரப் பம் பேசவில்லை. நல்ல பம் என்றால் திறப்பைத் திருப்பியதும் "டிக் டிக் டிக்" என்று அடித்து, கார்பிறேற்றர் நிறைந்ததும் தானே நிற்கும். அக்கா சாவியின் பிடியால் அதை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். ஒட்டியிருந்த தொடுகை விட்டது. டிக் டிக் என்று தொடங்கி, சிறிது நேரத்தில் நின்றது.

கடைசியாக நெருப்பு. டிஸ்றிபியூற்றர் மூடியைத் திறந்து பொயின்ற்றைப் பார்த்தார். ஈரத்தில் மங்கியிருந்தது. கண்டியின் ஈரம் இரும்புக்கு ஆகாது. மெல்லிய எமரிக் கடதாசியால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அளக்க அம்மாவிடம் ஒரு கல்யாண அழைப்பிதழ் கேட்டார். அந்த மட்டையின் தடிப்பு ஏறத்தாழச் சரியாக இருக்குமாம். சரியான அளவு 0.38 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு என்று பின்னர் ஒரு கைந்நூலில் பார்த்தேன். அழைப்பிதழ் அதிகம் பிழைக்கவில்லை. எங்கும் பெற்றோல் சிந்தியிருக்கவில்லை என்று பார்த்தபின், ஒரு பிளக்கை வயரில் கொழுவி, உலர்ந்த துணியால் பிடித்து எஞ்சின் உடம்பில் தொடவைத்து என்னை ஹாண்டில் சுற்றச் சொன்னார். நீலப்பொறி பறந்தது. மஞ்சளாகவும் மெலிவாகவும் வந்தால் பலமில்லை, நீலமாக வந்தால் நல்லது.

பிளக்குகளைப் பூட்டினோம். கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து வைத்தோம், ஏனெனில் அடைத்த இடத்தில் புகை ஆளைக் கொல்லும். அக்கா என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்தி சோக்கை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"செல்ஃப் போடவா அக்கா?"

"வேண்டாம். முதல் தரம் ஹாண்டிலிலை வரட்டும்."

இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் நீலப்புகை. நாங்கள் விட்ட ஒயில் எரிந்த புகை அது. அப்பா பள்ளிக்கூடம் போகும் காலைகளில் கேட்ட அதே சத்தம். பொடியன்கள் கைதட்டினார்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம்.

எழுப்பியவரும் எழுப்பத் தெரியாதவரும்

நான் இறங்கி வந்தபோது அக்கா ஹாண்டிலைக் கையில் பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்தார். உடம்பு நடுங்கியது. களைப்பு என்று நினைத்தேன். அம்மா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்த பின்பே பேசினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்த இரவில் அவர்களும் நடந்தார்கள். வீதியில் ஊசி போக இடமில்லை என்பதால் காரை மாமரத்தின் கீழ் ஓலையால் மூடிவிட்டுப் போனார்கள். 1996 மே மாதம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, காருக்குப் பற்றரியும் இரண்டு ரயர்களும் இல்லை. ஏழு மாத மழையில் எஞ்சின் இறுகிக் கிடந்தது. கணவருக்கு அது விட்டுப்போயிற்று. கூலி வேலைக்குப் போகிறேன் என்றார். "நான்தான் விடயில்லை. ஒயில் விட்டு ஊறப்போட்டு, நாலு நாள் மினக்கெட்டு, நான்தான் ஹாண்டில் அடிச்சு எழுப்பினனான். இருவத்திரண்டு நாள் ஓடினது. இருவத்திமூண்டாம் நாள் ஹயருக்குப் போன மனுசன் வரேல்லை. காரும் வரேல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் அதை எழுப்பாமல் விட்டிருந்தால் அவர் வீட்டிலை இருந்திருப்பார், பிள்ளை."

ஏறத்தாழ முப்பது வருடங்கள். காணாமற் போனோர் பற்றி எத்தனை ஆணைக்குழுக்கள், எத்தனை படிவங்கள். எல்லாவற்றிலும் திகதியும் இடமும் சொல்லியிருக்கிறார். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சமூகவியல் படித்தவள், உளவளத்துணைப் பயிற்சிகள் பல பெற்றவள் நான். அந்த நேரத்தில் எனக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. பேசியது அம்மாதான்.

"எனக்கு மற்றப் பக்கமா இருக்கு, மகள். இவங்க அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தப்போ கார் இங்கதான் நின்னுச்சு. உள்ள பெற்றோலும் இருந்திச்சு. எனக்கு ஓட்டத் தெரியல. மூணு வீடு ஏறி இறங்கி முச்சக்கர வண்டி பிடிச்சேன். நாப்பது நிமிஷம். அந்தக் காரை எழுப்பத் தெரிஞ்சிருந்தா மனுஷன் இருந்திருப்பார்னு ஒவ்வொரு ராத்திரியும் நெனைக்கிறேன்."

இரண்டு வருடங்களாக அதே வீட்டில் இருக்கும் எனக்கு அம்மா இதைச் சொன்னதேயில்லை. கொட்டகையை ஏன் திறக்க விடவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

ஒருவர் காரை எழுப்பியதற்காகத் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டார். மற்றவர் எழுப்பத் தெரியாததற்காக. செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம் என்றால் அந்தக் கணக்கில்தான் பிழை இருக்க வேண்டும். போர் நடத்தியவள் அக்கா அல்ல. வீதியில் போன மனிதனைக் காணாமற் செய்தவளும் அவர் அல்ல. மூன்று வருட நோயைக் கொண்டுவந்தவர் அம்மா அல்ல. ஏதோ ஓரிடத்தில் "டக்" என்று சத்தம் வந்தவுடன் எஞ்சினே போய்விட்டது என்று சொன்ன மெக்கானிக்கைப் போல, வாழ்க்கையில் எது நின்றாலும் பிழை என்னுடையதுதான் என்று எங்கள் பெண்கள் தீர்ப்பெழுதி விடுகிறார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதில்லை. பார்க்க உதவுவாரும் இல்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்து அழுதார்கள். பிறகு அம்மா சோறு போட்டார்.

திங்கட்கிழமை வந்த இரும்பு வியாபாரிக்கு அம்மாவே பதில் சொல்லி அனுப்பினார். கூரைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தோம். பிறேக்கைத் தகுதியான ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, ரயர்களை மாற்றி, வாகன அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புதுப்பித்த பின்னரே காரை வீதியில் இறக்கினோம். இப்போது அம்மாவைக் கிளினிக்குக்கு நான் அதில்தான் கூட்டிச் செல்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அக்கா வந்து ஒயில், தண்ணீர், பற்றரி பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுப் போகிறார். கூலி வாங்க மறுத்தார். வாங்கினால்தான் வரலாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவின் தோழி வீட்டிலும் ஒரு பழைய கார் நிற்கிறதாம், அங்கும் ஒரு நாள் போய்வந்தார். தையல் வகுப்பை அவர் விட்டுவிட்டார்.

நான் அலுவலகத்தில் அவருடைய கோவையை எடுத்து, "இல்லை" என்ற சொல்லை வெட்டி, "பழைய வாகன எஞ்சின் திருத்துதல், 1990 முதல்" என்று எழுதினேன். அதன்பின் மற்றக் கோவைகளையும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கூட்டில் "இல்லை" என்று என் கையெழுத்தில் இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பவும் கேட்டு வருகிறேன். இதுவரை ஒன்பது வீடுகள் போயிருக்கிறேன். ஒருவர் வெதுப்பகத்தில் போறணை பார்த்தவர். ஒருவர் இடம்பெயர்ந்த முகாமில் பதினேழு பிரசவங்களுக்குத் துணை நின்றவர். ஒருவர் கிணற்று மோட்டார் கழற்றிப் பூட்டுவார்.

சகோதரிகளே, உங்கள் படிவத்தை யாராவது நிரப்ப வந்தால், அந்தக் கூட்டுக்கு வரும்போது அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.